‘நெட்வொர்க் ரீசெட்’ அடித்தால் எது அழியும், எது அழியாது?

நெட் வரவில்லை என்று யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான்: “ரீசெட் அடிச்சுப் பாரு.” எதை ரீசெட் அடிப்பது என்று திருப்பிக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஒருவர் கம்ப்யூட்டரை அணைத்துப் போடச் சொல்வார். இன்னொருவர், ரௌட்டரின் பின்னால் ஊசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை இருக்கிறதே, அதைக் குத்தச் சொல்வார். மூன்றாமவர் செட்டிங்ஸுக்குள் போய் ‘நெட்வொர்க் ரீசெட்’ பட்டனைத் தட்டு என்பார். நாலாமவர் விண்டோஸையே புதிதாகப் போட்டுவிடு என்பார். நாலுக்கும் பெயர் ரீசெட். ஆனால் ஒன்று எதையும் அழிக்காது. இன்னொன்று வீட்டு இணைப்பையே அறுத்துவிடும்.

இந்தக் குழப்பம் போதாதென்று, ரீசெட் என்றால் பழுது பார்ப்பது என்ற நம்பிக்கை வேறு. ரீசெட் எதையும் பழுது பார்ப்பதில்லை. நெட்வொர்க்கைப் பற்றிக் கம்ப்யூட்டர் நினைவில் வைத்திருப்பதை மறக்கடிக்கிறது, அவ்வளவுதான். அந்த நினைவில் தப்பு இருந்தால், மறந்ததும் சரியாகிவிடும். தப்பு வேறெங்கோ இருந்தால் நூறு தடவை மறக்கடித்தாலும் நெட் வராது. அப்படியானால் கம்ப்யூட்டர் எதையெல்லாம் நினைவில் வைத்திருக்கிறது? அங்கிருந்து தொடங்கலாம்.

## விடுதிக்கு வந்த ஆள்

பெரிய விடுதி ஒன்றில் தங்கப் போகிறீர்கள். வரவேற்பு மேஜையில் இருப்பவர் ஒரு சீட்டு எழுதித் தருகிறார். உங்கள் அறை எண் 214. வெளியே போகக் கிழக்கு வாசல். யாருடைய எண்ணாவது தெரிய வேண்டுமென்றால் விசாரணைக்கு 9-ஐ அழுத்துங்கள். இந்த மூன்று வரிகளும் இருந்தால் அந்த விடுதியில் உங்கள் பிழைப்பு ஓடிவிடும்.

வைஃபையில் சேரும்போது உங்கள் கம்ப்யூட்டருக்கும் இதே மாதிரி ஒரு சீட்டு கிடைக்கிறது. அறை எண் என்பது ஐபி முகவரி: அந்த நெட்வொர்க்குக்குள் உங்கள் கருவியை அடையாளம் காட்டும் எண். வாசல் என்பது கேட்வே: வெளி உலகத்துக்குப் போகும் வழி, வீட்டில் அது பெரும்பாலும் உங்கள் ரௌட்டரேதான். விசாரணை மேஜை என்பது டிஎன்எஸ் சர்வர்: இணையதளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண்ணைச் சொல்லும் கம்ப்யூட்டர். சீட்டு எழுதித் தருகிறவருக்கு டிஎச்சிபி என்று பெயர். வீட்டில் இந்த வேலையையும் ரௌட்டர்தான் பார்க்கிறது.

இப்போது அந்த விடுதியைக் காலி செய்துவிட்டு வேறொரு விடுதிக்குப் போகிறீர்கள். கையில் பழைய சீட்டு. புதிய விடுதியிலும் நேரே 214-க்குப் போய்க் கதவைத் தட்டினால் என்ன ஆகும்? உள்ளே வேறு யாராவது இருப்பார்கள். அல்லது 214 என்று அறையே இருக்காது. கிழக்குப் பக்கம் வாசலுக்குப் பதிலாகச் சுவர் இருக்கும். கட்டடத்தில் ஒரு குறையும் இல்லை, உங்கள் கால்களிலும் குறையில்லை. சீட்டுதான் பழசு. ரீசெட் கிழித்துப் போடுவது இந்தச் சீட்டைத்தான்.

## அறை எண் எப்படிக் கிடைக்கிறது

கம்ப்யூட்டர் வைஃபையில் சேர்ந்த நொடியில் அதற்கு எண் எதுவும் கிடையாது. யாரிடம் கேட்பது என்றும் தெரியாது. அதனால் எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு குரல் கொடுக்கிறது: “இங்கே எண் கொடுப்பவர் யாராவது இருக்கிறீர்களா?” ரௌட்டர் பதில் சொல்கிறது: “192.168.1.23 காலியாக இருக்கிறது, வேண்டுமா?” கம்ப்யூட்டர், “சரி, அதையே எனக்குக் கொடுங்கள்” என்கிறது. “எடுத்துக்கொள், 24 மணி நேரத்துக்கு” என்று ரௌட்டர் முடிக்கிறது. நாலே வாக்கியம். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். 1993-இல் முறைப்படுத்திய இந்தப் பேச்சுதான் இன்றும் கோடிக்கணக்கான கருவிகளில் ஒவ்வொரு நாளும் நடக்கிறது.

கடைசி வாக்கியத்தில் ஒரு கால அளவு வந்ததைக் கவனியுங்கள். எண் உங்களுக்குச் சொந்தமில்லை, குத்தகைக்குத்தான் வருகிறது. குத்தகைக் காலத்தில் பாதி கழிந்ததும் கம்ப்யூட்டர் தானாகவே ரௌட்டரைக் கேட்டுப் புதுப்பித்துக்கொள்ளும். சாதாரணமாக இதெல்லாம் நம் கண்ணுக்கே படாது.

படும் சமயங்களும் உண்டு. கரண்ட் போய் வந்து ரௌட்டர் புதிதாக எழுந்திருக்கிறது. யாருக்கு எந்த எண்ணைக் கொடுத்தோம் என்ற பட்டியல் அதற்கு மறந்துபோயிருக்கிறது. உங்கள் லேப்டாப்போ பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கிறது. அடுத்து வந்த போனுக்கு ரௌட்டர் அதே எண்ணைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறது. ஓர் அறைக்கு இரண்டு பேர். இருவருக்கும் நெட் வரும், போகும், வரும், போகும். “நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு” என்று தொடங்கும் புகார்களில் சில இந்த ரகம்.

இன்னொன்று, சீட்டு எழுதித் தர ஆளே இல்லாமல் போவது. ரௌட்டர் திணறிப்போய் நிற்கலாம், கேபிள் சரியாகச் செருகாமல் இருக்கலாம். குரல் கொடுத்துக் கொடுத்துப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டர் 169.254 என்று தொடங்கும் ஓர் எண்ணைத் தனக்குத் தானே வைத்துக்கொள்ளும். மேஜையில் ஆள் இல்லாததால் கதவில் தானே ஓர் எண்ணை எழுதி ஒட்டிக்கொள்வது போல. அந்த எண்ணை வைத்துக்கொண்டு வெளி உலகத்துக்குப் போக முடியாது. ஆனால் பிழை தேடுகிறவருக்கு அது அருமையான துப்பு. 169.254 என்று பார்த்த உடனே, வெளியில் எந்த இணையதளம் படுத்திருக்கிறது என்று தேட வேண்டியதில்லை. கோளாறு உங்களுக்கும் ரௌட்டருக்கும் நடுவில்தான்.

“என் எண்ணும் 192.168.1.5, நண்பன் வீட்டிலும் அதே எண். யாராவது ஹேக் பண்ணிட்டாங்களா?” என்று பதறுகிறவர்களும் உண்டு. பதற ஒன்றுமில்லை. இரண்டு விடுதிகளிலும் 214 இருக்கலாம் அல்லவா? பழைய முறையில் உலகத்துக்கே மொத்தம் சுமார் 430 கோடி ஐபி எண்கள்தான் சாத்தியம். அது போதாது என்பதால்தான் 192.168, 10 என்றெல்லாம் தொடங்கும் சில எண் தொகுதிகளை, யார் வேண்டுமானாலும் தங்கள் சுவருக்குள் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று 1990-களில் ஒதுக்கி வைத்தார்கள்.

சீட்டை வரவேற்பில் வாங்காமல் நாமே எழுதிக்கொள்வதும் உண்டு. சில அலுவலகங்களில் ஐபி எண்ணையோ டிஎன்எஸ் எண்ணையோ கையால் அடித்து வைப்பார்கள். அப்படி வைத்துவிட்டால் கம்ப்யூட்டர் அதன்பிறகு யாரிடமும் கேட்காது. விண்டோஸில் பழைய கன்ட்ரோல் பேனல் வழியாக அடித்த எண், அந்த அடாப்டர் போகும் இடத்துக்கெல்லாம் கூடவே போகும். அடாப்டர் என்பது கம்ப்யூட்டருக்குள் வைஃபை சிக்னலையோ கேபிளையோ பிடிக்கும் உறுப்பு. என் கணக்கில், ரீசெட் ‘மாயம்போல’ வேலை செய்த கதைகளில் பலவற்றுக்கும் பின்னால் இருப்பது, யாரோ எப்போதோ கையால் அடித்து மறந்துபோன ஓர் எண்தான்.

இதுவரை பார்த்தது: கம்ப்யூட்டரிடம் ஒரு சீட்டு இருக்கிறது. அதில் எண், வாசல், விசாரணை என்று மூன்று விவரம். சாதாரணமாக ரௌட்டர் அதை எழுதித் தரும். சீட்டு பழசானாலோ, கையால் தப்பாக எழுதினாலோ, எழுதித் தர ஆளே இல்லாவிட்டாலோ நெட் நிற்கும். முதல் இரண்டுக்கும் கம்ப்யூட்டரில் மருந்து உண்டு. மூன்றாவதுக்குப் பெரும்பாலும் ரௌட்டரிடம் போக வேண்டும்.

## பெயரைச் சொன்னால் எண் சொல்பவர்

போனில் நாம் பெயரைத் தட்டித்தான் பேசுகிறோம். நெருங்கியவர்களின் எண்கூட இப்போது யாருக்கும் மனப்பாடம் இல்லை. இணையத்திலும் அப்படியே. நாம் அடிப்பது பெயர். கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று கண்டுபிடிப்பது எண்ணால். நடுவில் நின்று மாற்றித் தருவது டிஎன்எஸ்.

இணையத்தின் ஆரம்ப நாட்களில் இதற்கு ஒரே ஒரு பட்டியல் போதுமாக இருந்தது. எல்லாக் கம்ப்யூட்டர்களின் பெயரும் எண்ணும் கொண்ட கோப்பு ஒன்றை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தில் பராமரித்தார்கள். மற்றவர்கள் அதை அவ்வப்போது நகலெடுத்துக்கொள்வார்கள். கம்ப்யூட்டர்கள் பெருகப் பெருக இது சமாளிக்க முடியாததாகிவிட்டது. 1983-இல் பால் மோக்கபெட்ரிஸ் என்பவர் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். ஒரே பட்டியலுக்குப் பதிலாக, பொறுப்பைப் பலரிடம் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடு அது.

அந்தப் பழைய பட்டியலின் வாரிசு இன்றும் உங்கள் கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்திருக்கிறது. ‘ஹோஸ்ட்ஸ்’ என்ற சின்னக் கோப்பு. அதில் ஒரு பெயர் எழுதியிருந்தால் கம்ப்யூட்டர் டிஎன்எஸ்ஸைக் கேட்கவே கேட்காது, இதை நம்பிவிடும். சில கெட்ட மென்பொருள்கள் இதில் கைவைப்பதுண்டு. விளம்பரத்தைத் தடுக்க நாமே எழுதி வைப்பதும் உண்டு. நெட்வொர்க் ரீசெட் இந்தக் கோப்பைத் தொடுவதில்லை. மற்றதெல்லாம் திறக்கிறது, குறிப்பிட்ட ஓர் இணையதளம் மட்டும் இந்த ஒரு கம்ப்யூட்டரில் திறக்கவில்லை, ரீசெட் அடித்தும் பயனில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

ஒவ்வொரு தடவையும் டிஎன்எஸ்ஸைக் கேட்டுக்கொண்டிருந்தால் நேரமாகும் என்பதால், கிடைத்த பதிலைக் கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் குறித்து வைத்துக்கொள்ளும். இந்தக் குறிப்புக்குத்தான் கேஷ் என்று பெயர். ஒவ்வொரு பதிலும், ‘இது இவ்வளவு நேரம் வரைதான் செல்லும்’ என்ற காலக்கெடுவோடு வரும். இணையதளம் வேறு சர்வருக்கு மாறியிருந்து, உங்கள் குறிப்பில் பழைய எண்ணே இருந்தால், கெடு முடியும் வரை நீங்கள் காலி வீட்டின் கதவையே தட்டிக்கொண்டிருப்பீர்கள். ‘அப்படி ஒரு பெயரே இல்லை’ என்ற பதிலையும்கூடக் கம்ப்யூட்டர் குறித்து வைக்கும் என்பது பலருக்கும் தெரியாது. இந்தக் குறிப்பை மட்டும் அழிப்பதைத்தான் டிஎன்எஸ் ஃப்ளஷ் என்கிறார்கள். எந்த ஆபத்தும் இல்லாத வேலை. அடுத்த தடவை ஒவ்வொரு தளமும் திறக்க ஒரு துளி நேரம் கூடுதலாகும்; வேறு நஷ்டமில்லை.

கோளாறு எப்போதும் உங்கள் பக்கம்தான் என்றும் இல்லை. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகம் முழுக்க ஏறக்குறைய ஆறு மணி நேரம் நின்றுபோயின. அந்த நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர்களுக்குப் போகும் வழியே இணைய வரைபடத்திலிருந்து மறைந்துவிட்டது. பெயரைக் கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. அன்று வீட்டு ரௌட்டரை எத்தனை தடவை அணைத்துப் போட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

சுருக்கமாக: பெயர் எண்ணாக மாறும் இடத்தில் மூன்று தப்புகள் நேரலாம். தப்பான விசாரணை மேஜையின் எண்ணை வைத்திருப்பது, பழைய பதிலைக் குறித்து வைத்திருப்பது, மேஜையில் இருப்பவரே பதில் சொல்லாமல் போவது. முதல் இரண்டும் உங்கள் கம்ப்யூட்டரின் நினைவில் இருப்பவை. மூன்றாவது அப்படியில்லை.

## நடுவில் நிற்கும் ஆட்கள்

சீட்டு சரி, பெயரும் எண்ணாக மாறுகிறது. அப்படியும் நெட் வரவில்லை என்றால், நடுவில் யாரோ நிற்கிறார்கள்.

ப்ராக்ஸி என்பது உங்களுக்குப் பதிலாக வெளியே போய் வாங்கி வந்து தரும் இன்னொரு கம்ப்யூட்டர். அலுவலகத்தில் அதன் முகவரியை உங்கள் லேப்டாப்பில் பதிந்து வைத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் பிரௌசர் அந்த ஆளையே தேடிக்கொண்டிருக்கும். விபிஎன் என்பது உங்கள் போக்குவரத்தைப் பூட்டிய சுரங்கம் வழியாக வேறோர் இடத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து வெளியே விடும் மென்பொருள். இதற்காக அது கம்ப்யூட்டருக்குள் ஒரு போலி அடாப்டரையே உருவாக்கிக்கொள்ளும். அரைகுறையாக நீக்கினால் அந்த மிச்சம் அங்கேயே கிடந்து வழியை மறிக்கும்.

மூன்றாவது, வின்சாக். விண்டோஸில் எந்த மென்பொருளானாலும் நெட்வொர்க்குக்குப் போக இந்தக் கதவைத்தான் தாண்ட வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் வந்த ஏற்பாடு. இந்தக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பதிவேடு உண்டு. ஆன்டிவைரஸ் போன்றவை அதில் தங்கள் பெயரையும் நுழைத்துக்கொண்டு, போகிற வருகிற எல்லாவற்றையும் சோதிக்கலாம். அவற்றை நீக்கும்போது பெயரை ஒழுங்காக எடுக்காவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். வைஃபை முழுசாகக் காட்டும், எண் சரியாக இருக்கும், ஆனால் ஒரு மென்பொருளுக்கும் நெட் வராது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இது பெரிய தலைவலி. அதற்காகவே 2004-இல் வந்த சர்வீஸ் பேக் 2 என்ற அப்டேட்டில், வின்சாக்கை மட்டும் ரீசெட் செய்ய ஒரு கட்டளையைச் சேர்த்தார்கள். இன்றைக்கு இந்தக் கோளாறு குறைந்துவிட்டது. ஆனால் அறிவுரை மட்டும் குறையவில்லை. எதற்கெடுத்தாலும் வின்சாக்கை ரீசெட் செய்யச் சொல்பவர்கள் இன்னும் அந்தக் காலத்திலேயே இருக்கிறார்கள் என்பேன்.

## அந்த பட்டனைத் தட்டினால்

விண்டோஸில் நெட்வொர்க் ரீசெட் பட்டன் 2016-இல், விண்டோஸ் 10-க்கு வந்த ஆண்டுவிழா அப்டேட்டோடு வந்தது. அதற்கு முன்பு இதையெல்லாம் தனித்தனிக் கட்டளைகளாக அடிக்க வேண்டும். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸைத் திறந்து, நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதற்குள் அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ், அதற்குள் நெட்வொர்க் ரீசெட் என்று போக வேண்டும்.

தட்டியதும் அது எல்லா நெட்வொர்க் அடாப்டர்களையும் கம்ப்யூட்டரிலிருந்து நீக்கும். ரீஸ்டார்ட் ஆனதும் மறுபடி நிறுவும். நெட்வொர்க் சம்பந்தமான மற்ற பாகங்களைத் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த நிலைக்குக் கொண்டுபோகும். ‘ஐந்து நிமிடத்தில் அணைந்துவிடும்’ என்று எச்சரித்துவிட்டுத் தானாக ரீஸ்டார்ட் ஆகும். அதற்குள் திறந்திருக்கும் வேலையைச் சேமித்துவிடுங்கள்.

போவது என்ன? கையால் அடித்து வைத்த ஐபி, டிஎன்எஸ் எண்கள் போய்விடும். விபிஎன் மென்பொருளை மறுபடி நிறுவவோ அமைக்கவோ வேண்டி வரலாம். வைஃபை பாஸ்வேர்டை மறுபடி கேட்கலாம். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்: பாஸ்வேர்டு அந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும், வீட்டில் ஒருவருக்கும் நினைவிருக்காது. மாற்றாமல் விட்டிருந்தால் ரௌட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும். மாற்றியிருந்தால், பட்டனைத் தொடும் முன்பே தேடி எழுதி வையுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம், யாரும் சொல்லித் தருவதில்லை. ரீசெட்டுக்குப் பிறகு விண்டோஸ் உங்கள் வீட்டு நெட்வொர்க்கை ‘பப்ளிக்’ என்று வகைப்படுத்தலாம். முன்பின் தெரியாத இடம் என்று எடுத்துக்கொண்டு மற்ற கருவிகளிடமிருந்து தன்னை மறைத்துக்கொள்ளும். நெட் வரும், ஆனால் பகிர்ந்து வைத்த ஃபோல்டர் காணாமல் போயிருக்கும், பிரிண்டரும் கண்ணில் படாமல் போகலாம். அந்த வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸில் ‘பிரைவேட்’ என்று மாற்றினால் திரும்பி வந்துவிடும்.

போகாதது என்ன? உங்கள் படங்கள், கோப்புகள், மென்பொருள்கள், பிரௌசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், புக்மார்க்குகள் எதையும் இந்த ரீசெட் தொடாது. ‘எல்லாம் அழிஞ்சிடுமோ’ என்ற பயம், கருவியையே வாங்கிய நாள் நிலைக்குக் கொண்டுபோகும் ஃபேக்டரி ரீசெட்டோடு இதைக் குழப்பிக்கொள்வதால் வருவது.

போனில் இதே பெயருள்ள வசதி இன்னும் தாராளமாக அழிக்கும். ஐபோனில் சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள், விபிஎன், மொபைல் நெட்வொர்க் அமைப்புகள் எல்லாம் போகும். நீங்கள் போனுக்கு வைத்த பெயர்கூட வெறும் ‘ஐபோன்’ என்று மாறிவிடும். ஆண்ட்ராய்டில் ப்ளூடூத்தில் ஜோடி சேர்த்து வைத்தவையும் சேர்ந்து போகும்.

## ஊசி ஓட்டை

ரௌட்டரை அணைத்துப் போடுவது ஒன்று, அதன் ஊசி ஓட்டையைக் குத்துவது முற்றிலும் வேறு. முதலாவது தூங்கி எழுவது. இரண்டாவது பிறந்த நாளுக்குத் திரும்பிப் போவது. வைஃபையின் பெயர், பாஸ்வேர்டு, எல்லாவற்றுக்கும் மேலாக, இணைப்புக்காகச் சேவை நிறுவனம் தந்து ரௌட்டருக்குள் பதிந்து வைத்திருக்கும் யூசர்நேமும் பாஸ்வேர்டும் அழிந்துபோகும். எல்லா இணைப்புகளிலும் இந்த யூசர்நேம் இருக்காது, ஆனால் நிறைய இணைப்புகளில் உண்டு.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி நெட் மெதுவாக இருக்கிறது என்று, சிம் ட்ரேயைத் திறக்கும் ஊசியால் பத்து விநாடி அழுத்திப் பிடித்தேன். விளக்குகள் எல்லாம் ஒன்றாக அணைந்து ஒன்றாக எரிந்தபோது ஏதோ சாதித்தது போலத்தான் இருந்தது. பிறகு இணைப்பு விளக்கு சிவப்பிலேயே நின்றுவிட்டது. யூசர்நேம் எந்தக் காகிதத்தில் இருந்தது என்று எனக்கும் தெரியாது, வீட்டில் யாருக்கும் தெரியாது. மெதுவாகவாவது வந்துகொண்டிருந்த நெட், மறுநாள் மத்தியானம் வரை அறவே இல்லை.

## ஒரு போன் கால்

என்னோடு வேலை பார்த்த தம்பி ஒருவன் ஒருநாள் கூப்பிட்டான்.

“அண்ணா, வைஃபை ஃபுல்லா காட்டுது, ஒரு சைட்டும் திறக்கல. நெட்வொர்க் ரீசெட் அடிச்சிடட்டுமா?”

“இருப்பா. உன் போன்ல அதே வைஃபைல நெட் வருதா?”

“போன்ல சூப்பரா வருதுண்ணா.”

பாதி வேலை இந்தக் கேள்வியிலேயே முடிந்துவிட்டது. ரௌட்டரும் வெளி இணைப்பும் நலம். கோளாறு லேப்டாப்பில்தான். கட்டளைகளை அடிக்கும் கமாண்ட் ப்ராம்ப்ட் திரையைத் திறக்கச் சொல்லி, “ஐ, பி, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி, எல்லாம் சேர்த்து அடிச்சு என்டர் தட்டு” என்றேன். அவன் படித்துச் சொன்னான்: ஐபி 192.168.1.14, கேட்வே 192.168.1.1. 169.254 இல்லை. சீட்டின் முதல் இரண்டு வரிகள் சரி.

அடுத்து பிங். ஓர் எண்ணை நோக்கி ‘இருக்கியா?’ என்று சின்னச் செய்தி அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கும் கட்டளை இது. முதலில் கேட்வேக்கு அடிக்கச் சொன்னேன், பதில் வந்தது. பிறகு 8.8.8.8-க்கு. கூகுள் 2009-இலிருந்து பொதுமக்களுக்காக நடத்தும் டிஎன்எஸ் சர்வரின் எண் அது. நினைவில் வைக்கச் சுலபம் என்பதால் சோதனைக்கு எல்லோரும் அதையே அடிப்போம். அதற்கும் பதில் வந்தது. ஆக, எண்ணைச் சொன்னால் உலகம் பதில் சொல்கிறது, பெயரைச் சொன்னால் சொல்லவில்லை.

“செட்டிங்ஸ்ல டிஎன்எஸ் என்ன எண் போட்டிருக்கு, பாரு.”

“பத்துல ஆரம்பிக்குதுண்ணா.”

அது அவன் அலுவலகத்துக்குள் இருக்கும் டிஎன்எஸ். அங்கே யாரோ கையால் அடித்து வைத்திருக்கிறார்கள். வீட்டிலிருந்து அந்த மேஜைக்குக் குரல் எட்டாது. செட்டிங்ஸில் அதை ‘ஆட்டோமேட்டிக்’ என்று மாற்றச் சொன்னேன். அரை நிமிடத்தில் எல்லாம் திறந்தது.

“ரீசெட் அடிச்சிருந்தாலும் சரியாகியிருக்கும்லண்ணா?” என்றான் விடாமல்.

“ஆகியிருக்கும். ஆனா திங்கட்கிழமை விபிஎன்ன மறுபடி போட்டுத் தரச் சொல்லி ஐடி ஆளு பின்னாடி அலைஞ்சிருப்ப.”

## சின்னதிலிருந்து பெரியதற்கு

எப்போதும் சேதம் குறைந்ததிலிருந்து தொடங்குவது என் வழக்கம். முதலில் இன்னொரு கருவியில் நெட் வருகிறதா என்று பார்ப்பேன். எதிலும் வரவில்லை என்றால் கம்ப்யூட்டரைத் தொடவே மாட்டேன். ரௌட்டரை அணைத்து அரை நிமிடம் விட்டுப் போட்டுவிட்டு, அப்போதும் வராவிட்டால் சேவை நிறுவனத்தைக் கூப்பிடுவேன்.

ஒன்றில் மட்டும் வரவில்லை என்றால் அதை ரீஸ்டார்ட் செய்வேன். ஷட் டவுன் செய்து மறுபடி போடுவதை அல்ல, ‘ரீஸ்டார்ட்’ என்றே இருப்பதை. இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் 2012-இல் வந்த விண்டோஸ் 8-இலிருந்து, சீக்கிரம் விழிப்பதற்காக, ஷட் டவுன் செய்யும்போது இயங்குதளத்தின் உள்ளகத்தையும் டிரைவர்களின் நிலையையும் அப்படியே வட்டில் பதிந்து வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. டிரைவர் என்பது அடாப்டரை இயக்கும் மென்பொருள். அது குழம்பிய நிலையில் பதிவாகிவிட்டால், காலையில் போடும்போதும் குழப்பத்தோடேயே எழும். ரீஸ்டார்ட்டில் எல்லாம் புதிதாகத் தொடங்கும். “ராத்திரி ஆஃப் பண்ணித்தான் படுத்தேன், காலையிலும் அதே பிரச்சினை” என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதற்கும் மசியவில்லை என்றால் அந்த வைஃபையை ‘ஃபர்கெட்’ கொடுத்து மறுபடி சேர்வது, ஐபியும் டிஎன்எஸ்ஸும் ஆட்டோமேட்டிக்கில் இருக்கிறதா என்று பார்ப்பது, ப்ராக்ஸி, விபிஎன் இரண்டையும் அணைத்துப் பார்ப்பது, டிஎன்எஸ் ஃப்ளஷ். எல்லாம் சேர்ந்து பத்து நிமிடம். இவை எதற்கும் அசையாதபோதுதான் நெட்வொர்க் ரீசெட். அப்போது தயங்கவும் வேண்டாம். என்ன போகும் என்று தெரிந்து தட்டுகிற பட்டனுக்கு எதற்குப் பயம்?

ரீசெட் தொட முடியாதவற்றில் ஒன்று, டாஸ்க்பாரில் தெரியும் ‘இன்டர்நெட் இல்லை’ என்ற குறி. மைக்ரோசாஃப்ட்டின் சர்வர் ஒன்றிலிருந்து ‘மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட்’ என்ற மூன்று சொற்கள் மட்டுமே உள்ள ஒரு கோப்பை எடுத்துப் பார்த்துத்தான் விண்டோஸ் அந்தக் குறியைத் தீர்மானிக்கிறது. ஏதாவது ஒரு தடுப்பான் அந்தக் கோப்பை மறித்தால், நெட் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ‘இல்லை’ என்று காட்டும். குறியை நம்பி ரீசெட் அடிப்பதற்கு முன்னால் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள்.

இன்னொன்று, கடிகாரம். பிங்குக்குப் பதில் வரும், பெயர் எண்ணாக மாறும், ஆனால் பிரௌசர் மட்டும் எந்தத் தளத்தைத் திறந்தாலும் ‘இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று மறிக்கும். ஒவ்வொரு தளமும் தான் யாரென்று காட்ட ஒரு சான்றிதழ் நீட்டுகிறது. அதில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும். உங்கள் கம்ப்யூட்டரின் தேதி பல வருஷம் பின்னால் போயிருந்தால், அதன் கண்ணில் எல்லாச் சான்றிதழும் செல்லாதவை. பழைய டெஸ்க்டாப்பில், ஒவ்வொரு தடவை பிளக்கைப் பிடுங்கிப் போடும்போதும் தேதி இப்படிப் பின்னால் போனால், மாற்ற வேண்டியது மதர்போர்டில் நாணயம் அளவுக்கு வட்டமாக உட்கார்ந்திருக்கும் ஒரு பேட்டரி.